‘பாதையும் நிண்டுபோச்சு’: அம்மம்மாவின் கவியை எப்படி வாசிப்பது?

கேள்வி: என் அம்மம்மா மட்டக்களப்பு எழுவான்கரையைச் சேர்ந்தவர். நான் பிறந்து வளர்ந்தது வெளிநாட்டில். போன விடுமுறையில் அவர் பாடிய ஒரு பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தேன். எழுதிப் பார்த்தபோது எட்டு வரி வந்தது:

ஆத்துக்கு அங்காலே வேளாண்மை காக்கப்போய்
காத்துத் திரும்பிட்டு காணல்லையே என்மச்சான்

பாதையும் நிண்டுபோச்சு பட்டிமாடும் சிதறிப்போச்சு
ஏதுவழி நீவருவாய் இராவான பிற்பாடு

வாசலிலே வந்துநிண்டா வளவெல்லாம் ஆமியடி
பாசெடுக்கப் போனாலோ பேர்கேட்பான் பொன்மயிலே

கட்டிவச்ச வீட்டுக்குக் கதவுபோட ஆளுமில்ல
விட்டுவந்த இடமறியான் எங்கெண்டு தேடுவானோ

எனக்கு விளங்கியது இது: காதலன் போராளி. ‘வேளாண்மை காக்க’ என்றால் மண்ணைக் காக்க. வீதிகள் மூடப்பட்டன. ஷெல் விழுந்து வீடு உடைந்தது. முழுப் பாட்டும் 1990இல் கட்டப்பட்டது. என் விளக்கம் சரியா? முதலில் ‘நீவருவாய்’ என்றுவிட்டுக் கடைசியில் ‘தேடுவானோ’ என்று வருகிறது. அதை ‘தேடுவாயோ’ என்று திருத்தலாமா? இதை முல்லைத்திணைப் பாட்டு என்று சொல்லலாமா? அடுத்த மாதம் ஒரு கலை நிகழ்வில் பாடி விளக்கம் சொல்ல வேண்டும். அந்தக் காதலி அம்மம்மாதானா என்றும் அறிய ஆசை.

பதில்:

அருமையான கவி. கிழக்கில் இப்படி இழுத்துப் பாடும் நாட்டார் பாட்டைக் கவி என்பார்கள்; உங்கள் எட்டு வரியில் இரண்டிரண்டு வரியாக நான்கு கவி இருக்கின்றன. பதிந்து வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. உங்கள் விளக்கத்தில் போர் இருக்கிறது என்பது சரி. ஆனால் போர் எல்லா வரியிலும் இல்லை. எந்த வரியில் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் பாட்டின் வலி எங்கே உறைக்கிறது என்பது தெரியும்.

‘பாதை’யிலிருந்து தொடங்குவோம். நீங்கள் அதை வீதி என்று எடுத்திருக்கிறீர்கள். மட்டக்களப்பில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற தட்டையான இழுவைப் படகு அது. ‘மண்முனைப் பாதை’ என்று ஊரார் சொன்னால் மண்முனைத் துறையில் ஓடிய அந்த மிதவையைத்தான் சொல்கிறார்கள். அங்கே பாலம் வந்தது 2014இல்தான். ஆகவே ‘பாதையும் நிண்டுபோச்சு’ என்பதற்குப் பொருள், வாவியைக் கடக்கிற வழி நின்றுபோயிற்று என்பது. வீதி மூடினால் வயல் வரம்பால் சுற்றியாவது வரலாம். பாதை நின்றால் எதிரே தண்ணீர்தான். அடுத்த வரியில் ‘ஏதுவழி நீவருவாய்’ என்று அவள் கேட்பது அதனால்தான் வெறும் புலம்பலாக இல்லை. உண்மையாகவே வழி எது என்று கேட்கிறாள். நிகழ்வில் இந்தச் சொல்லுக்கு மட்டுமாவது கட்டாயம் விளக்கம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கேட்பவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே தார் வீதியைத்தான் நினைப்பார்கள்.

இனி இடம். மட்டக்களப்பு வாவி 50 கிலோமீட்டருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. எழுத்தில் வாவி என்றாலும் பேச்சில் அது ‘ஆறு’. சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. வயலும் மாட்டுப் பட்டிகளும் பெரும்பாலும் படுவான்கரையில். எழுவான்கரை ஆண்கள் விதைப்புக்கும் காவலுக்கும் வெட்டுக்கும் அந்தக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுக் கிடப்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. மட்டக்களப்புப் பேச்சில் ‘வேளாண்மை’ என்பது வயலில் நிற்கும் நெற்பயிர். ‘வேளாண்மை காக்கப்போய்’ என்றால் யானையும் பன்றியும் பயிரை மிதிக்காமல் இரவிரவாகக் காவல் இருக்கப் போய் என்று அர்த்தம். மண்ணைக் காத்தல் என்ற உருவகத்தை இதில் ஏற்ற வேண்டாம். அப்படி ஏற்றினால் அவன் போராளி ஆகிவிடுகிறான். பாட்டோ அவனைக் காவலுக்குப் போன பெடியனாகத்தான் காட்டுகிறது. போராளி இயக்கத்துக்குப் போனவனைப் பற்றிய பாட்டாக இருந்தால் ‘காட்டுக்குப் போனான்’ போல வேறொரு குறிப்பு எங்காவது தட்டுப்பட்டிருக்கும். எட்டு வரியில் அப்படி எதுவும் இல்லை. ஆயுதம் தூக்காத ஒருவன் வயலுக்குப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டான் என்ற நேர்ப்பொருளே என் பார்வையில் வலுவானது.

ஆக, முதல் கவிக்குப் போர் தேவையே இல்லை. காவலுக்குப் போனவன் திரும்பப் பிந்துகிறான், இவள் ஏங்குகிறாள். இந்தப் பிரிவு கிழக்கின் கவிகளில் மிகப் பழையது. ‘காத்துத் திரும்பிட்டு’ என்றால் காற்றின் திசை மாறிவிட்டது; அதுதான் அவன் வர வேண்டிய தவணை. நவம்பர் தொடக்கம் வாடைக்காற்று. மாரி வேளாண்மை பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு முடியும். மே மாதமளவில் மேற்கேயிருந்து கச்சான் காற்று சுடச்சுட அடிக்கத் தொடங்கும். வாடை போய்க் கச்சான் வந்துவிட்டது என்றால், வெட்டும் முடிந்து சூடும் மிதித்து நெல்லும் வீடு வந்திருக்க வேண்டும். ஆளை மட்டும் காணவில்லை. கச்சான் போய் வாடை வந்தது என்று வைத்தாலும் இதே கணக்கு சிறுபோகத்துக்குப் பொருந்தும். எந்தக் காற்று என்று பாட்டில் இல்லை. அம்மம்மாவிடம் ‘எந்தக் காத்து?’ என்று மட்டும் கேளுங்கள், பதில் உடனே வரும். அந்தப் பதிலை வைத்துப் பாட்டின் ஆண்டைக் கணிக்க மட்டும் போகாதீர்கள். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டது கச்சான் காலத்தில்தான் என்பது உண்மை. ஆனால் கச்சான் ஒவ்வொரு வருஷமும் அடிக்கிறது.

இரண்டாம் கவி நடுவில் நிற்கிறது. பெருவெள்ளத்திலும் பாதை நிற்கும், பட்டி சிதறும். போரிலும் நிற்கும், சிதறும். சொற்களை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. மூன்றாவதில்தான் காலம் தெரிகிறது: ‘ஆமி’ (இராணுவம்), ‘பாஸ்’ (போய்வர அனுமதிச் சீட்டு). 1990 ஜூனுக்குப் பின் மட்டக்களப்பு நகரும் கரையோர வீதியும் படையினரின் பிடியில். படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் பிடியில். 2007 வரை ஏறக்குறைய அந்த நிலைதான். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு சில காலம் போக்குவரத்து இலகுவானது. காதலர் இருவருக்கும் நடுவே எப்போதும் இருந்த அதே ஆறு, இந்த ஆண்டுகளில் எல்லையாகிவிட்டது. மூன்றாம் கவியைக் கேட்ட பிறகு இரண்டாம் கவியின் பாதையும் பட்டியும் தாமாகவே போருக்குள் வந்துவிடுகின்றன. முதலாம் கவியின் சாதாரணத் தாமதம்கூடப் பயமாகிறது. பழைய பிரிவுக்கவிகளோடு புதிய கவி ஒன்றைக் கோத்தவுடன் பழையதன் பொருளும் மாறிவிடும். இந்தப் பாட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கவி ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். பாடுபவர் தன் மனநிலைக்கு ஏற்ப ஒன்றோடொன்றைக் கோத்துப் பாடுவார். ஆகவே முழுப் பாட்டுக்கும் ஒரே பிறந்த ஆண்டு தேடுவது இங்கே சரிவராது, கவிகவியாகத் தேடுங்கள். போர் தொடங்கிய 1983க்கு முன் அச்சான தொகுப்புகளில் முதல் இரண்டு கவிகளின் சாயல் இருக்கிறதா என்று பாருங்கள். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது, அதிலிருந்து தொடங்கலாம். ஈழத்து நூல்கள் பலவற்றை நூலகம் இணையத் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். முழு வரியையும் தேடினால் அகப்படாது. ‘ஆத்துக்கு அங்காலே’ போன்ற தொடக்கத் துண்டுகளைத் தேடுங்கள். அகப்பட்டால் அந்தக் கவி போருக்கு முந்தியது என்பது உறுதி. அகப்படாவிட்டால் ஒன்றும் உறுதியாகாது, ஏனென்றால் பாடப்பட்டதில் அச்சேறியது கொஞ்சம்தான்.

மூன்றாம் கவியில் இன்னொரு விஷயம் நடக்கிறது. ‘ஆமியடி’, ‘பொன்மயிலே’. இது தோழியிடம் சொல்வது என்று நினைத்துவிடாதீர்கள். கவியில் ‘பொன்மயிலே’, ‘கிளியே’, ‘மானே’ எல்லாம் ஆண் பெண்ணை அழைக்கும் விளிகள். மூன்றாவது அவன் குரல். கவி கேள்வியும் மறுமொழியுமாக வளர்வது வழமை; ஒருவரே இரு குரலையும் பாடுவார். ‘ஏதுவழி நீவருவாய்’ என்று அவள் கேட்டதற்கு அவன் மறுமொழி: உன் வாசலுக்கு வந்தால் வளவெல்லாம் (வீட்டைச் சுற்றிய காணியெல்லாம்) ஆமி, பாஸ் எடுத்து முறைப்படி வரப் பார்த்தால் பெயர் கேட்பான். களவாகவும் வர முடியாது, நேராகவும் வர முடியாது. ‘பேர்கேட்பான்’ என்ற ஒரு சொல்லில் சென்றி என்ற காவலரணும் அடையாள அட்டையும் சுற்றிவளைப்பும் முகமூடி போட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியும் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அந்த நாட்களில் பெயரும் ஊரும் சொல்வதே ஓர் ஆளைப் பிடித்துக்கொடுக்கப் போதுமாக இருந்தது. பாஸ் யாருடையது என்பதில் கவனமாக இருங்கள். புலிகளின் பகுதியை விட்டு வெளியேறவும் பாஸ் வேண்டியிருந்தது, படையினரின் பகுதியில் போய்வரவும் பல இடங்களில் அனுமதி வேண்டியிருந்தது. பாட்டு பெயர் சொல்லாததை நீங்களும் சொல்ல வேண்டாம்.

இந்த மறுமொழியை அவன் உண்மையில் சொன்னானா? ஆறு கடந்து வர முடியாதவன் எங்கிருந்து சொன்னான்? அவளே அவனுக்காக மறுமொழி கட்டிக்கொள்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. வராததற்கு ஒரு காரணத்தை அவன் வாயில் வைத்துப் பாடிப் பார்க்கிறாள். அப்படி எடுத்தால் நான்காம் கவியின் முதல் அதிர்ச்சி நன்றாக விளங்கும்.

‘தேடுவானோ’வைத் திருத்தலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து கை வைக்காதீர்கள். முன்பு ‘நீவருவாய்’ என்று அவனோடு பேசியவள், கடைசியில் ‘இடமறியான்’, ‘தேடுவானோ’ என்று அவனைப் பற்றி வேறு யாரிடமோ பேசுகிறாள், அல்லது தனக்குத்தானே. அவன் இனிக் கேட்கும் தூரத்தில் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை, வினைமுற்று சொல்கிறது. முன்னிலை படர்க்கையாக மாறும் அந்த ஓர் எழுத்தில்தான் பாட்டு முழுவதும் நிற்கிறது. ‘தேடுவாயோ’ என்று மாற்றினால் இலக்கணம் சீராகும், நான்காம் கவி முதலாவதன் மறுபடியாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: அவன் இறந்துவிட்டான் என்றும் அவள் சொல்லவில்லை. ஒப்பாரி என்றால் இறந்தவரை நேரே விளித்து, இருந்த சிறப்பைச் சொல்லி அழ வேண்டும். இங்கே ‘தேடுவானோ’ என்று எதிர்காலம் திறந்தே கிடக்கிறது. 1990 செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அப்படிக் காணாமல் போனவர்களின் வீடுகளில் ஒப்பாரியும் வைக்க முடியாது, வா என்று கூப்பிடவும் முடியாது. பாட்டிலுள்ள ஆள் அவர்களில் ஒருவன் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இந்த இரண்டுங்கெட்டான் வினைமுற்று எந்தக் காலத்துக் காதுகளில் விழுந்தது என்பதை இது காட்டும்.

வீட்டைப் பற்றி. ‘கட்டிவச்ச வீட்டுக்குக் கதவுபோட ஆளுமில்ல’ என்பதை ஷெல் உடைத்த வீடு என்று எடுத்தீர்கள். உடைந்த வீடு என்று வரியில் இல்லை. கட்டி வைத்த வீடு என்றுதான் இருக்கிறது. மட்டக்களப்பில் மகளுக்குச் சீதனமாகப் பெற்றோர் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கலியாணம் பேசி, சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று. கதவு மட்டும் மிச்சம். அந்தக் கட்டத்தில் எல்லாம் நின்றுபோனது. அவர்கள் இன்னும் மணமாகாதவர்கள் என்பதற்கு இந்த வரிதான் சாட்சி. ‘மச்சான்’ என்ற சொல் அதை முடிவு செய்யாது. மாமன் மகனும் மச்சான், அத்தை மகனும் மச்சான், கட்டிக்கொள்ள முறையான எவனும் மச்சான், கட்டிய பின்னும் மச்சான்.

அதே கவியில் ‘விட்டுவந்த இடமறியான்’ என்று வருகிறது. அவளும் வீட்டை விட்டு வேறிடம் வந்துவிட்டாள். முகாமோ உறவினர் வீடோ. 1990இல் எழுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் சனம் அப்படி இடம்பெயர்ந்தது. முல்லைத்திணை பற்றிய உங்கள் கேள்விக்கும் மறுமொழி இங்கேதான். முல்லையில் தலைவன் வேந்தனுக்காகப் பாசறையில் இருப்பான். கார்காலத்தில் வருவேன் என்று பருவம் குறித்துப் போயிருப்பான். தலைவி வீட்டிலேயே இருப்பாள். இந்தக் கவியில் காற்றுத் திரும்பும் தவணை மட்டும் முல்லையை நினைவூட்டுகிறது. போர் நடப்பது எங்கோ இல்லை, அவள் வளவுக்குள். காத்திருப்பதற்கு வீடும் இல்லை. அவன் திரும்பி வந்தாலும் வர வேண்டிய இடம் மாறிவிட்டது. ஒப்பிட்டு இரண்டு வாக்கியம் சொல்லலாம். முல்லைத்திணைப் பாட்டு என்று பெயர் சூட்டினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இனி அம்மம்மாவிடம் மறுபடி போகும்போது செய்ய வேண்டியவை. முதல் அமர்வில் குறுக்கே பேசாமல் முழுதும் பாட விடுங்கள். வாசிக்கச் சொல்லாதீர்கள், கவியை ராகம் இல்லாமல் சொல்லச் சொன்னால் பாடுபவர்களுக்கு அசை தவறும், சில நேரம் வரியே விடுபடும். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைபேசியைக் கை எட்டும் தூரத்தில் துணியின் மேல் வையுங்கள், மேசையில் வைத்தால் தட்டும் சத்தம் ஏறும். ஓரிரு நாள் விட்டு மறுபடி பாடச் சொல்லுங்கள். நான்கு கவிகளும் அதே ஒழுங்கில் வருகின்றனவா, ஐந்தாவது ஒன்று வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதும் நான்காவதும் இரண்டு முறையும் அடுத்தடுத்து வந்தால் நான் சொன்ன வாசிப்புக்கு அது பலம். இடம் மாறினால் அதைத் தளர்த்த வேண்டும். மூன்றாம் அமர்வில்தான் வரிவரியாகக் கேள்வி. எழுதும்போது ‘நிண்டு’, ‘எங்கெண்டு’, ‘அங்காலே’ எல்லாவற்றையும் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். பொருளைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ‘இது சண்டைக்காலப் பாட்டுத்தானே அம்மம்மா?’ என்று கேட்டால் ‘ஓம் மனே’ என்றுதான் வரும். பேரப்பிள்ளை விரும்பும் மறுமொழியை எந்த அம்மம்மாவும் மறுக்கமாட்டார். ‘இதை ஆரிட்டக் கேட்டீங்க?’, ‘எந்த நேரம் பாடுவீங்க?’, ‘அப்ப எங்க இருந்தீங்க?’ என்று கேளுங்கள். அந்தக் காதலி அவர்தானா என்று நேரே கேட்காதீர்கள். கவியில் ‘நான்’ என்பது பாடுபவரின் நானாக இருக்க வேண்டியதில்லை. வயலில் நின்ற பத்துப் பெண்கள் ஒரே ‘என்மச்சானை’ப் பாடுவார்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பதிவு ஓட வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் அதை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பெயருக்கு உரிய குடும்பம் எங்கோ இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம்.

மேடையில் பாடும்போது தாளம் வேண்டாம். கவிக்கு மத்தளமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, மூச்சுத்தான் அளவு. கீபோர்டில் ஒரு தாளத்தைப் போட்டுவிட்டால் நீட்டி இழுக்க வேண்டிய ஈற்றசைகள் எல்லாம் வெட்டுப்பட்டுப்போகும். அம்மம்மா எங்கே இழுக்கிறாரோ அங்கே இழுங்கள், எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே விடுங்கள். மூன்றாம் கவியை ஓர் ஆண் பாடட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஆண் குரல் வந்த உடனே அவன் மேடைக்கு வந்துவிடுகிறான். அவன் வரவில்லை என்பதுதான் பாட்டு. நீங்களே நான்கையும் பாடுங்கள். மூன்றாவது முடிந்ததும் மற்ற இடைவெளிகளைவிடச் சற்று நீளமாக நிறுத்துங்கள். விளக்கத்தைப் பாட்டுக்கு முன்பே நான்கைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுங்கள்: ஆறு, இரு கரை, பாதை, வேளாண்மை, சீதன வீடு. ‘பாஸ்’ஸையும் ‘ஆமி’யையும் யாருக்கும் விளக்கத் தேவைப்படாது. ‘தேடுவானோ’ பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லாதீர்கள், சபை அதைத் தன் காதாலேயே கேட்கட்டும்.